பழகிய தறியில் பிசகிய கை

சங்கத்துச் சரக்கறையில் நெய்த துணியை வாங்கிச் சரிபார்க்கும் பொறுப்பு எவருக்கு வாய்க்கிறதோ, அவருக்கு நண்பர்கள் குறைவு. குற்றம் கண்டால் நெசவாளர் மனம் நோகும். காணாவிட்டால் சங்கத்தின் பெயர் கெடும். அந்தப் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், 2022ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் என் மேஜைக்கு வந்த ஒரு துண்டு மடியைப் பற்றியும், அதன் காரணமாக நான் தேடிப் படிக்க நேர்ந்த சில விஷயங்களைப் பற்றியும் அங்கத்தினர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன். கையால் தொழில் செய்கிற எல்லோருக்கும், நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும், இது பயன்படும் என்பது என் அபிப்பிராயம்.

அந்த மடியை நெய்தவர் ஐம்பது வயதைக் கடந்தவர். இருபது ஆண்டுகளாகத் தம் வீட்டுக் குழித்தறியில் துண்டு நெய்து வந்தவர். அகலமான போர்வைகளுக்குச் சங்கத்திற்கு ஓர் அவசர ஆர்டர் வந்தபோது, பொதுக்கூடத்திலிருந்த அகலத் தறிக்கு அவரை அனுப்பினோம். அந்தத் தறியில் நாடா கனமானது. அது ஓடவேண்டிய தூரம் அதிகம். இழுக்கும் கயிறும் விறைப்பு. முதல் சில நாட்கள் நாடா பாவின் நடுவிலேயே நின்று நின்று போயிற்று. நின்ற நாடாவின் மேல் அச்சு வந்து மோதினால் பாவு இழைகள் அறும் என்பதை நெசவாளருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முடிச்சு மலிந்த அந்தப் போர்வைகளுக்குக் கூலியில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. புதுத்தறிதானே என்று அவரும் ஏற்றுக்கொண்டார். பத்து நாட்களுக்குள் கை சீர்பட்டது. ஐந்து வாரம் நல்ல போர்வை நெய்து கொடுத்துவிட்டு வீடு திரும்பினார்.

வீட்டுத் தறியில் நெய்து அவர் கொண்டுவந்த முதல் மடியில்தான் தகராறு. இரு கரைகளிலும் ஊடை இழை தளர்ந்து வளையம் வளையமாக வெளியே நீண்டிருந்தது. நிர்வாகக் குழுவில் ஒருவர், "புதுத் தறியில் பிசகினால் பழக்கமில்லை எனலாம், இருபது வருஷத் தறியில் பிசகினால் அதற்கு அசிரத்தை என்றுதான் பெயர்" என்றார். மற்றவர்களும் தலையசைத்தார்கள். மடி முழுவதும் இரண்டாந்தரமாகப் பதிவாகி, 480 ரூபாய் பிடிக்கப்பட்டது. அவர் என்னிடம் வந்து, "தம்பி, நான் அசிரத்தையாக இருந்தேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் அப்படி இல்லையே! எப்போதும் போலத்தான் இழுத்தேன். நாடா பெட்டியில் போய் முட்டித் திரும்பி வந்தது. என் கை எனக்கே அந்நியமாகப் போய்விட்டது" என்றார். "பார்ப்போம் அண்ணே" என்பதைத் தவிர அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவர் சொன்னது உண்மையா, சாக்கா என்று தீர்மானிக்க வேண்டுமானால், கை ஒரு வேலையை எப்படிச் செய்கிறது என்று முதலில் தெரியவேண்டும். நீர் நிறைந்திருக்கிறது என்று எண்ணி வெற்றுக் குடத்தைத் தூக்கியவர்கள் அறிவார்கள்: குடம் மார்பு வரை எகிறிவிடும். குடத்தின் கனத்தைக் கை அறிந்துகொள்வதற்கு முன்னரே, இவ்வளவு பலம் வேண்டும் என்று மூளை கணக்கிட்டு உத்தரவு அனுப்பிவிட்டது. கணக்குத் தவறியதால் குடம் எகிறியது. நாம் செய்யும் கைவேலை ஒவ்வொன்றிலும் இத்தகைய முன்கணக்கு இருக்கிறது. கணக்குச் சரியாக இருக்கும்வரை அது இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

முன்கணக்கு ஏன் வேண்டும்? பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே போகக்கூடாதா என்று கேட்கலாம். அதற்கு நேரம் இல்லை. கண் கண்டதையோ தசை உணர்ந்ததையோ மூளை அறிந்து, கைக்கு மாற்று உத்தரவு அனுப்பி, கை அதன்படி நடப்பதற்கு ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு முதல் இரண்டு பங்கு வரை ஆகிவிடுகிறது. கயிற்றை வெட்டி இழுக்கும் வேலையோ அதற்குள் முடிந்துவிடும். நாடா கிளம்பிய பிறகு அதற்குப் புத்தி சொல்ல முடியாது. எனவே இந்த நாடாவின் கனம், இந்தக் கயிற்றின் விறைப்பு, இந்தப் பாவின் அகலம் ஆகிய எல்லாவற்றையும் உட்கொண்ட ஒரு கணக்கு இழுப்பதற்கு முன்னரே தயாராக இருக்கவேண்டும். இருபது ஆண்டு அனுபவம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் கணக்குத்தான்.

இந்தக் கணக்கு எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தவர்களில் முன்னோடி, ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற விஞ்ஞானி. பார்வையைப் பற்றி 1860களில் அவர் எழுதிய பெருநூலில் ஒரு பரிசோதனையைக் கூறுகிறார். காட்சியை ஒரு பக்கமாகச் சற்றே நகர்த்திக் காட்டும் முப்பட்டகக் கண்ணாடியைக் கண்ணில் அணிந்துகொண்டு எதிரிலுள்ள பொருளைத் தொட முயன்றால், விரல் முதலில் அந்தப் பக்கமாகவே தவறிப்போகும். பலமுறை முயன்றபின் தவறாமல் தொடும். வியப்பு இனித்தான் இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றியவுடன் விரல் எதிர்ப்பக்கமாகத் தவறும்! பிறந்தது முதல் கண்ணாடியின்றிக் காரியம் செய்த கை, சில நிமிஷப் பழக்கத்தினால் தன் இயல்பான வேலையிலேயே பிழைபடுகிறது.

இது கண்ணை ஏமாற்றிக் கையைப் பிசகச் செய்த பரிசோதனை. கையின் மீதே புதிய விசையொன்று செயல்பட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரேசா ஷாட்மெர், பெர்டினாண்டோ முஸ்ஸா-இவால்டி என்ற இருவர் அதைச் செய்து பார்த்து 1994இல் வெளியிட்டார்கள். நம் தறிக்கு மிக நெருங்கியது என்பதால் இதைச் சற்று விரிவாகவே கூறுகிறேன்.

ஒரு மேஜைமட்டத்தில் இங்குமங்கும் நகரக்கூடிய எந்திரக் கை. அதன் முனையில் ஒரு பிடி. பரிசோதனைக்கு வந்தவர் அந்தப் பிடியைப் பற்றிக்கொண்டு, எதிரிலுள்ள திரையில் தோன்றும் புள்ளியை நோக்கிக் கையை நகர்த்தவேண்டும். தூரம் 10 சென்டிமீட்டர்; திசைகள் எட்டு. எந்திரம் சும்மா இருக்கும்போது எல்லோருடைய கையும் நேர்கோட்டில் சென்றது. பிறகு எந்திரத்தின் மோட்டார்களை இயக்கினார்கள். கை எவ்வளவு வேகமாக நகர்கிறதோ அவ்வளவு பலமாக எந்திரம் கையை ஒரு திசையில் தள்ளும்; கை நின்றால் தள்ளுவதும் நிற்கும். வெள்ளத்தில் குறுக்கே நீந்துபவனை நீரோட்டம் இழுப்பது போல் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அது முழுக்கப் பொருந்தாது. வெள்ளம் சும்மா நிற்பவனையும் இழுக்கும். இந்த விசை நகர்ந்தால்தான் பிறக்கும். ஆகையால் கையை நீட்டிப் பார்க்காமல் இதன் குணத்தை அறிய வழியில்லை.

முதல் முயற்சிகளில் எல்லோருடைய கையும் வளைந்து ஒதுங்கி, இறுதியில் கொக்கி போல் திரும்பிப் புள்ளியை அடைந்தது. நூற்றுக்கணக்கான தடவை நகர்த்தியபின் பாதை மீண்டும் நேராயிற்று. விசை குறையவில்லை, கை அதற்கு எதிர்விசை கொடுக்கக் கற்றுக்கொண்டது. இங்கே ஒரு சந்தேகம் எழும். கையை இரும்புபோல் இறுக்கிக்கொண்டால் எந்த விசையும் அதை அசைக்காது. பழக்கம் என்பது வெறும் இறுக்கம்தானோ? இதைத் தீர்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் இடையிடையே ஒரு தடவை மட்டும் விசையை நிறுத்தினார்கள். இறுக்கம்தான் என்றால் அப்போதும் கை நேராகவே சென்றிருக்கும். அப்படிச் செல்லவில்லை. முதல் நாள் எந்தப் பக்கம் ஒதுங்கியதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம், கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல, வளைந்து சென்றது. வராத விசைக்குக் கை எதிர்விசை கொடுத்துவிட்டது. அதாவது விசையின் குணத்தையே உள்ளுக்குள் கணக்காக எழுதிவைத்துக்கொண்டிருந்தது. கையை அவ்விடத்திலிருந்து நகர்த்தி, பழகாத வேறொரு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதும் அக்கணக்கின் சாயல் அங்கே தென்பட்டது.

அதே 1994ஆம் ஆண்டில், அதே மாநிலத்தின் வால்தம் நகரிலுள்ள பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில், ஜேம்ஸ் லாக்னர், பால் டிஸியோ என்ற இருவர் வேறு வழியில் இதே முடிவுக்கு வந்தார்கள். அவர்களிடம் ஓர் அறையே சுழலும். நிமிஷத்திற்கு 10 சுற்று. சீராகச் சுழலத் தொடங்கியதும் உள்ளே அமர்ந்திருப்பவருக்குச் சுழல்வதாகவே தோன்றாது. ஆனால் கையை முன்னே நீட்டினால், எதுவும் தொடாமலே, ஒரு விசை கையைப் பக்கவாட்டில் ஒதுக்கும். கையைக் கண்ணால் பார்க்க இயலாத நிலையிலும்கூடச் சில பத்துத் தடவைக்குள் குறியும் பாதையும் பெரும்பாலும் சீர்பட்டன. அறை நின்றதும் பிழை எதிர்ப்பக்கம் போயிற்று. இதில் என்னை மிகவும் கவர்ந்தது, அந்த மனிதர்கள் சொன்ன சாட்சியம். பழகியபின், கையை எதுவும் தள்ளுவதாகவே அவர்களுக்குத் தெரியவில்லை. அறை நின்று, உண்மையில் எந்த விசையும் இல்லாதபோதுதான் ஏதோ ஒன்று கையைத் தள்ளுவதாக உணர்ந்தார்கள்.

நம் ஊர்களில் 'தறி பழகிவிட்டது', 'தறி இளகிவிட்டது' என்று சொல்கிறோம் அல்லவா? புதுத் தறியின் மரமும் கயிறும் நாளடைவில் கொஞ்சம் இளகுவது உண்டுதான். ஆயினும் இளகியதில் பெரும்பங்கு நம் கணக்கில் என்று இப்போது தோன்றுகிறது. தறி அப்படியே இருக்கிறது. அதன் எதிர்ப்பு நமக்குத் தெரியாமற்போய்விட்டது.

இறுக்கத்தைப் பற்றி மேலே சொன்னேன். அது பழக்கம் முழுவதும் அல்ல; ஆனால் பழக்கத்தின் தொடக்கத்தில் அது உண்டு. புதிய விசையைச் சந்திக்கும் கை, முதலில் எதிரெதிர்த் தசைகள் இரண்டையும் ஒருங்கே இறுக்கிக்கொள்கிறது. கணக்கு உருவாக உருவாக இறுக்கம் தளர்கிறது. தசைகளின் மின்னோட்டத்தை அளந்து 1999இல் இதைக் காட்டியிருக்கிறார்கள். கணக்கு உருவாகாத நாட்களில் கூலிக்காக மட்டுமன்றி, தேவையற்ற இறுக்கத்திற்காகவும் உடம்பு உழைக்கிறது. புதுத் தறியில் முதல் வாரம் தோளும் கழுத்தும் வலிப்பது ஏன் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதே துணி, பாதி நீளம், இருமடங்கு அசதி.

பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் இது புதிதன்று. திருந்திய நெல் சாகுபடியில் கோனோ வீடர் என்னும் களைக்கருவியை வரிசைகளுக்கிடையே முன்னும் பின்னும் தள்ளி இழுக்கிறோம். நீர் தேங்கிய வயலில் ஒருவித எதிர்ப்பு. நீர் வடிந்து சேறு கெட்டிப்பட்ட வயலில் வேறுவிதம். வேகமாகத் தள்ளினால் சேறும் அதிகமாக எதிர்க்கும். முதல் நாள் அக்கருவியைப் பிடித்தவர்கள், 'இது மனிதன் தள்ளும் கருவியா?' என்று கடிந்து, வரப்பில் போட்டுவிட்டுப் போனதைப் பல ஊர்களில் கேட்கலாம். கருவியில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. கனமும் உயரமும் ஆளுக்கு ஒத்துவராத கருவிகள் நிறைய உண்டு. ஆனால் முதல் நாள் தீர்ப்பு கருவியைப் பற்றியது மட்டுமன்று, இன்னும் எழுதப்படாத கணக்கையும் சேர்த்துச் சொல்லும் தீர்ப்பு. இரண்டாம் வாரமும் அதே கடிவு இருந்தால் அப்போது கொல்லரிடம் கொண்டுபோகலாம்.

இக்கணக்கு எங்கே எழுதப்படுகிறது? பின்தலையில், பெருமூளைக்குக் கீழே அமைந்த சிறுமூளைக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தாமஸ் தாக் என்ற மருத்துவ விஞ்ஞானியும் அவர் கூட்டத்தாரும் 1996இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. முப்பட்டகக் கண்ணாடி அணிந்து களிமண் உருண்டையை ஒரு குறியை நோக்கி எறியச் செய்தார்கள். நல்ல உடல்நிலையில் இருப்பவர்கள் சில எறிகளில் குறியை அடைந்தார்கள். சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களில் பலர் எத்தனை எறிந்தும் தவறிக்கொண்டே இருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றியபின் எதிர்ப்பக்கப் பிழையும் அவர்களுக்கு வரவில்லை. இதைக் கவனிக்கவேண்டும். கழற்றியபின் பிழை வருவது கற்றதற்கு அடையாளம். வராதது கல்லாததற்கு அடையாளம்!

அதே ஆராய்ச்சியில் இன்னொரு செய்தி. தோளுக்கு மேலாக எறிந்து பழகியவர்கள் சிலரைக் கீழிருந்து வீசச் சொன்னபோது, பழக்கம் அதற்கு மாறிவரவில்லை. அதே கை, அதே உருண்டை, அதே குறி. எறியும் விதம் மட்டுமே வேறு. ஆகையால் ஒரு தறியில் வல்லவர் எல்லாத் தறியிலும் முதல் நாளே வல்லவராக இருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆனால் பல வாரங்கள் கண்ணாடியோடும் கண்ணாடியின்றியும் மாறிமாறி எறிந்தவர்கள், முடிவில் இரண்டிலும் முதல் எறியிலேயே குறியை அடைந்தார்கள். இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துக்கொள்ள முடிகிறது. அதற்கு வாரக்கணக்கில் மாறிமாறிச் செய்யவேண்டியிருக்கிறது என்பதே விஷயம்.

மனம் நினைவில் வைப்பதும் கை நினைவில் வைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு, ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கரின் வரலாறு பெரிய சான்று. வலிப்பு நோய்க்காக 1953இல் செய்த மூளை அறுவைக்குப்பின் அவருக்குப் புதிய நிகழ்ச்சி எதுவும் நினைவில் தங்கவில்லை. கண்ணாடியில் கையைப் பார்த்துக்கொண்டே நட்சத்திர வடிவத்தை வரையும் கடினமான பயிற்சியை அவருக்கு மூன்று நாள் கொடுத்த பிரெண்டா மில்னர், நாளுக்கு நாள் அவர் கை தேறியதை 1962இல் எடுத்துரைத்தார். முந்தின நாள் அதைச் செய்ததே அவருக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். நம்மிலும் கைத்தொழில் வல்லவரை, 'எப்படிச் செய்தாய், சொல்' என்று கேட்டால் அவர் விழிக்கிறார். சொல்லத் தெரியாதது குற்றமன்று. அக்கணக்கு சொல்லில் எழுதப்பட்டதே அன்று.

இனி, சங்கங்கள் பயிற்சி வகுப்பு நடத்தும்போது கவனிக்கத்தக்க இரண்டொரு விஷயங்கள். எந்திரக் கைப் பரிசோதனையை 1996இல் வேறு விதமாகச் செய்தார்கள். ஒரு விசையைப் பழகியவர்களுக்கு, உடனேயே அதற்கு எதிரான விசையைக் கொடுத்தால், மறுநாள் முதற்பாடம் நிலைக்கவில்லை. நான்கு மணி நேரம் இடைவெளி விட்டுக் கொடுத்தபோது நிலைத்திருந்தது. பின்னர் 2004இல் வேறு ஆராய்ச்சியாளர்கள், இடைவெளி விட்டாலும் இரண்டாவது பாடம் முதற்பாடத்தைக் குலைக்கவே செய்கிறது என்று மறுத்தார்கள். எத்தனை மணி நேரம் என்பதில்தான் சண்டை. எதிரெதிரான இரண்டை அடுத்தடுத்துப் புகட்டினால் ஒன்றை ஒன்று கெடுக்கும் என்பதில் இரு சாராருக்கும் ஒற்றுமைதான். காலையில் ஒரு தறி, பகலில் அதற்கு மாறான தறி என்று பயிற்சி அட்டவணை போடுகிறவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். அட்டவணை நிரம்பும், கை நிரம்பாது.

மாற்றத்தை ஒரே அடியாகக் கொடுப்பதா, சிறுகச் சிறுகக் கொடுப்பதா என்பதும் ஒரு கேள்வி. கை நகரும் திசையைத் திரையில் திருகிக் காட்டும் பரிசோதனையில், திருகலைச் சிறுகச் சிறுகக் கூட்டியவர்களுக்குப் பாடம் நன்கு பதிந்தது என்று 1997இல் கண்டார்கள். சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களுக்குக்கூடச் சிறுகச் சிறுகக் கூட்டிய விசையைப் பழகுவது எளிதாயிருந்தது என்று 2010இல் தெரிந்தது. கனமான நாடாவுக்குப் போகுமுன் இடைப்பட்ட கனமுள்ள நாடாவை ஒரு வாரம் ஓட்டச் சொல்வதற்குச் செலவு என்ன ஆகிவிடும்? இதை நம் தறிகளில் எவரும் அளந்து பார்த்ததாக நான் சொல்லவில்லை; பார்க்கத்தக்கது என்கிறேன்.

பழைய வரலாறு ஒன்றையும் இவ்விடத்தில் நினைக்கிறேன். இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டும் முறைக்கு 1733இல் காப்புரிமை பெற்றார். அதற்குமுன் அகலத் துணிக்கு இரண்டு ஆள் வேண்டும். இருபுறமும் நின்று எறிந்து பிடிக்கவேண்டும். நம் சென்னை மாகாணத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் இந்த முறையைப் பரப்ப முயன்று, சேலத்தில் ஒரு நெசவுச் சாலையும் நடத்தினார். நெசவாளர்கள் பழமையில் ஊறியவர்கள், புதியதை ஏற்கமாட்டார்கள் என்ற பேச்சு அக்காலத்தில் பலமாக இருந்தது. பின்னாளில் மாகாணத்தின் பெரும்பாலான தறிகள் அந்த முறைக்கு மாறிவிட்டன. ஆகவே அந்தப் பேச்சை அப்படியே நம்புவதற்கில்லை. கையால் எறிந்து பிடித்த ஒருவர் கயிற்றை இழுக்கத் தொடங்கினால், எத்தனை நாள் கூலி குறையும், அந்த நாட்களில் அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்விக்கு விடையளிக்காமல் பழமைவாதி என்று பெயர் சூட்டுவது சுலபம்.

துண்டு மடிக்கு வருகிறேன். போர்வைத் தறியில் நம் நெசவாளர் முதலில் செய்த பிழை, இழுப்பு போதாமை. நாடா நடுவில் நின்றது. வீட்டுத் தறிக்குத் திரும்பியபின் செய்த பிழை, இழுப்பு மிகை. லேசான நாடாவைக் கனமான நாடாவுக்கு உரிய பலத்தோடு இழுத்ததால் அது பெட்டியில் மோதிப் பின்வாங்கியது. பின்வாங்கிய தூரத்துக்கு ஊடை தளர்ந்து கரையில் வளையமாயிற்று. ஒன்றுக்கொன்று நேர் எதிர்! ஹெல்ம்ஹோல்ட்ஸின் விரலும், எந்திரக் கையைப் பிடித்தவரின் பாதையும் காட்டிய அதே எதிர்ப்பக்கப் பிழை.

அப்படியானால் வீட்டில் தண்ணீர்ச் செம்பை எடுக்கும்போதும் கை எகிறியிருக்க வேண்டுமே என்று குழுவில் கேட்டார்கள். நல்ல கேள்விதான். இதற்கும் 2008இல் ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. எந்திரப் பிடியில் பழகியவர் பிடியை விட்டுவிட்டு வெறுங்கையை நீட்டும்போது எதிர்ப்பக்கப் பிழை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பழகியதில் ஒரு பகுதியை 'இது கையின் குணம்' என்றும், பெரும் பகுதியை 'இது கருவியின் குணம்' என்றும் மூளை பிரித்துக் கொள்கிறது போலும். செம்பு செம்புதான். ஆனால் தறியில் உட்கார்ந்து கயிற்றுப் பிடியைப் பற்றியதும், ஐந்து வாரம் ஓட்டிய தறியின் கணக்கே முன்னால் வந்து நிற்கிறது.

இவ்வளவும் படித்த பிறகு, சரக்கறையில் ஒதுக்கி வைத்திருந்த அந்த மடியை மறுபடி எடுத்து விரித்தேன். முதல் தடவை நான் வளையங்களை எண்ணினேனே தவிர, அவை எங்கெங்கே இருந்தன என்று பார்க்கவில்லை. அது என் பிழை. அசிரத்தையாக நெய்தவரின் துணியில் குற்றம் நெடுகிலும் சிதறிக்கிடக்கும், மாலைப்பொழுதில் மிகும், காலையில் குறையும். இந்த மடியில் அப்படி இல்லை. முதல் சாணில் வளையங்கள் நெருக்கமாக இருந்தன. இரண்டாம் சாணில் அங்கொன்று இங்கொன்று. அதற்குமேல் மடி முடியும்வரை, விரலால் கரையைத் தடவிக்கொண்டே போனேன், ஒன்றுகூட இல்லை. சாணுக்கு முந்நூறு ஊடைக்குக் குறையாத துணி அது. பரிசோதனைச் சாலைகளில் எதிர்ப்பக்கப் பிழை இதைவிடச் சீக்கிரம் மறைவதுண்டு. ஆனால் அங்கே பழகியது ஒரு மணி, இரண்டு மணி. இவர் பழகியது ஐந்து வாரம். இருபது ஆண்டுக் கணக்கு அழிந்துபோகவில்லை. இரண்டு சாணுக்குள் திரும்பி வந்துவிட்டது. புதுத் தறியைக் கற்கப் பத்து நாள். பழைய தறியை மீட்க ஒரு முற்பகல்.

மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறித் தறி நின்றுவிட்டு, வாரக்கணக்கில் கழித்து மீண்டும் ஏறும் நெசவாளர்களிடமும் இந்த வேற்றுமையைக் காணலாம். முதல் முழம் பிசகும். அதற்காகப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. கை கற்பதில் விரைவாகக் கற்று விரைவாக மறக்கும் பகுதி ஒன்றும், மெதுவாகக் கற்று நெடுநாள் காக்கும் பகுதி ஒன்றும் சேர்ந்து இயங்குகின்றன என்று 2006இல் சில விஞ்ஞானிகள் விளக்கியிருக்கிறார்கள். நெடுநாள் காக்கும் பகுதிக்குத்தான் நாம் கைத்தேர்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறோம். கூலி பிடித்ததோ மற்றதற்கு.

மடியைக் குழுவின் முன் விரித்துக் காட்டினேன். விஞ்ஞானிகளின் பெயர்களை ஒருவரும் கேட்கவில்லை. கரையைத் தடவிப் பார்த்தார்கள். அசிரத்தை என்று சொன்னவரே முதலில் தடவிப் பார்த்து, "இரண்டு சாணுக்கு மேல் சுத்தமாகத்தான் இருக்கிறது" என்றார். இனித் தறி மாற்றி அனுப்பப்படும் அங்கத்தினருக்குப் போகும்போது முதற்பாவு வரையிலும், திரும்பும்போது முதல் மடி வரையிலும் நாட்கூலிக் கணக்கில் கொடுப்பது, குற்றப் பிடித்தம் செய்வதில்லை என்று நான் எழுதிக் கொடுத்த யோசனை விவாதத்திற்கு வந்தது. போகும்போது என்பதை ஏற்றார்கள். திரும்பும்போது என்பதற்கு, 'இதைச் சாக்காக வைத்து எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்' என்று தடை எழுந்தது. சாக்கு எது, உண்மை எது என்பதைத் துணியின் முதல் இரண்டு சாணும் மூன்றாவது சாணும் காட்டிவிடும் என்று நான் சொன்னேன். முதல் துண்டை மட்டும் வெட்டி இரண்டாந்தரத்தில் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு முழுக்கூலி கொடுப்பதென்று முடிவாயிற்று.

480 ரூபாயில் 420 ரூபாய் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. மீதி 60 ரூபாய் அந்த முதல் துண்டுக்கு. அதைத் தாமே விலைகொடுத்து வாங்கிக்கொண்டு போனார்.